அசைவு

ஸ்கேன் அறையில் கர்ப்பிணியின் கையை அவர் விடவே இல்லை. ஓரமாக நின்றவளுக்கு வயிறு எரிந்தது. பதினேழு வருடம் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியவர், இப்போது "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்பதில்லை.

'இந்தக் குழந்தை வராமலே போகட்டும்' என்று நேற்றுதான் நினைத்திருந்தாள்.

"காலையிலேருந்து அசைவே இல்லை டாக்டர்." அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்தார். அவள் திரையை நோக்கி ஓரடி வைத்தாள். 'ஐயோ, சும்மா நினைச்சேன்!'

திரையில் குட்டிக்கால் ஒன்று உதைத்தது.

"நல்லாத் தூங்கியிருக்கு. இதயத் துடிப்பு, பனிக்குட நீர் எல்லாமே சரியா இருக்கு."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

டாக்டர் திரும்பினார். "நீ யாரும்மா?"

அப்பாவின் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள உதைக்குதே, அதோட அக்கா!"