காலி மிக்சி

இருமல் இருப்பது தெரிந்தால் பாலிசி கிடைக்காது. மெடிக்கல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த இருளப்பனுக்குப் பஞ்சு மில்லில் இருபது வருஷம். இருமலை அடக்கி அவன் கழுத்து நரம்பு புடைக்கும்போதெல்லாம், அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செண்பகம் காலி மிக்சியைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவள் புருஷன், வியர்வை துடைப்பதுபோல், துண்டுக்குள் இருமினான்.

“இருமல், இளைப்பு ஏதாவது உண்டாண்ணே?”

“ஒண்ணும் கிடையாது சார்” என்று செண்பகமே சொல்லிவிட்டு மிக்சியைத் திருகினாள்.

கரண்ட் போய்விட்டது.

இருளப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். கண்கள் பிதுங்கின. செண்பகம் ஏஜென்ட்டின் பேனாவையே பார்த்தாள். அது நின்றிருந்தது. அவர் தலை நிமிரவில்லை. ஃபாரத்தைப் பார்த்தபடியே உரக்க இருமத் தொடங்கினார். கரண்ட் வந்து மிக்சி தானாக ஓடும்வரை அவர் நிறுத்தவில்லை.