அமிர்தவல்லியின் ஊசி

தணிகாசலத்துக்கும் அவர் மனைவி அமிர்தவல்லிக்கும் எழுபது வயது. வருஷா வருஷம் மூப்பைத் தடுக்கும் டெலோமரேஸ் ஊசி போட்டுக்கொண்டதால், பார்வைக்கு அவள் மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டாள். அவருக்கு முன்பு குடலில் புற்றுநோய் வந்திருந்தது. ஊசி போட்டால், எங்காவது ஒளிந்திருக்கும் புற்றணுக்களும் சாகாவரம் பெற்றுவிடும் என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

அன்று அவளுக்கு ஊசி போட இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "அப்பாவை இப்படி உட்காரவைங்கம்மா," என்றாள் புதிதாக வந்த நர்ஸ்.

"அப்பா இல்லம்மா, வீட்டுக்காரர்."

நர்ஸ் திகைத்தாள். தணிகாசலம் காலரைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தார். அதைப் பார்த்து அமிர்தவல்லி சிரித்துவிட்டாள். ஆனால், உள்ளே கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்மா. இனிமே நான் போட்டுக்கறதா இல்லை."

அவர் பதறிப்போனார். "உனக்கென்ன பைத்தியமா? போட்டுக்கிட்டா இன்னும் அம்பது வருஷம் ஜம்முன்னு இருப்பே."

"இருந்து? உங்களைத் திட்டாம அம்பது வருஷம் நான் என்ன பண்றது?"

இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். அங்கே அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ, குடையை ஆஸ்பத்திரியிலேயே மறந்து வெச்சுட்டு வந்ததுக்கு இப்பவே திட்டிடு," என்றார்.