இல்லாத சொற்கள்

மகள் வாசிப்பது ஹீப்ருவே இல்லை. மூன்றாவது சொல்லிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

தெல் அவீவுக்கு வந்து ஒன்பது வருடம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹீப்ருவில் கிழவர்களின் வசவு முதல் மருந்துக்கடை அரட்டை வரை அத்தனையும் அத்துப்படி. எழுத்துதான் ஒன்றுகூடத் தெரியாது.

இந்தச் சொற்களை அவள் எங்குமே கேட்டதில்லை.

பள்ளிக்கூட மேசைமேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிமிடம். இருபது சொற்களைச் சரியாக வாசித்தால் ஜெபிஷா இரண்டாம் வகுப்பு. இல்லையென்றால், வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதானே என்று முதல் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்கார்த்திவிடுவார்கள்.

அம்மா கூடவே இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. ஓடும் கடிகாரத்தை யாருக்காகவும் நிறுத்த மாட்டார்கள்.

எட்டாவது சொல். ஒன்பதாவது.

ஒன்றுக்காவது அர்த்தம் வேண்டாமா? பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

“என்ன மக்களே உளறுக? எழுதியிருக்கத வாசி!”

ஜெபிஷா நிறுத்தினாள்.

தேர்வு வைக்கும் ஓரித் டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்ல அவளுக்கும் அனுமதியில்லை.

கடிகாரம் ஓடியது.

பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“எழுதியிருக்கதத்தான் வாசிக்கேன்.”

சொல்லிவிட்டுத் தாளுக்குத் திரும்பினாள். இன்னொரு புரியாத சொல். இன்னொன்று. குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை.

மணி அடித்தது.

ஓரித் பென்சிலால் எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள்.

“இருபத்திரண்டு.”

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “இதெல்லாம் நாங்களே இட்டுக்கட்டிய சொற்கள். எந்த மொழியிலும் கிடையாது. தெரிந்த சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். இதை வாசிக்க எழுத்து மட்டும்தான் துணை.”

அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

உலகத்தில் இல்லாத ஒன்றை, யார் வாயிலும் கேட்காத ஒன்றை, வெறும் கோட்டையும் புள்ளியையும் நம்பி ஏழு வயதுப் பிள்ளை சத்தமாகச் சொல்லியிருக்கிறது. பெற்றவள் அதட்டியும் எழுத்தைத்தான் நம்பியிருக்கிறது. மகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஒன்பது வருடமாக, என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் அவள்.

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் வரியின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

ஜெபிஷா அந்த விரலைப் பிடித்து, மெதுவாக, ஹீப்ரு வரி தொடங்கும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.