மரால் தேடிய ஆள்

"அந்த மான்செஸ்டர்காரன் எத்தனை ரவுண்டு தாங்குவான், அண்ணே?"

தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடியே மரால் கேட்டாள். குவாத்துக்குச் சிரிப்பு வந்தது. மிடில்வெயிட் குத்துச்சண்டை சாம்பியன் தாஸ்தானின் மேனேஜராகக் கராகண்டாவில் எத்தனையோ பேரோடு உட்கார்ந்து பேரம் பேசியவர் அவர். அடுத்த போட்டி யாரோடு என்று சாம்பியனின் மனைவியோடு உட்கார்ந்து பேசுவது இதுதான் முதல் தடவை. காலையில் அவள்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

"பன்னிரண்டு ரவுண்டும் தாங்குவான்மா. வயசாயிடுச்சு, கையில சரக்கு இல்ல. ஆனா லேசுல விழமாட்டான். நம்ம ஆளு சுத்திச் சுத்தி வந்தே பாயிண்ட்ல ஜெயிச்சுடலாம். சுலபமான வேலை."

"பன்னிரண்டு ரவுண்டும் அவன் இவரைக் குத்திக்கிட்டே இருப்பான்ல?"

"குத்தட்டுமே! கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அவன் வேண்டாம்ணே. அடுத்த ஆளைச் சொல்லுங்க."

குவாத் அவளை வியப்போடு பார்த்தார். கைக்கு எட்டிய வெற்றியை இப்படித் தள்ளிவிடுகிறாளே! பொரித்த பௌர்சாக் மாவு உருண்டை ஒன்றை வாயில் போட்டு மென்றபடி யோசித்தார்.

"சரி, தாஷ்கெண்ட் ஷெர்ஸாத். இடதுகைக்காரன். உஸ்பெக்கும் கசாக்கும் மோதினா ரெண்டு நாடும் டிவி முன்னாடி உக்காந்துடும்."

"அவன் எங்க அடிப்பான்? தலையிலயா, உடம்புலயா?"

"தாடைதான் அவனுக்குக் குறி. போன தடவை ஒருத்தனுக்கு விட்டான் பாரு, அவன் ஆஸ்பத்திரியிலதான் கண்ணு முழிச்சான்."

மரால் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இவனும் வேண்டாம்."

"என்னம்மா, பயமா?"

"பயம்தான்" என்றாள், மறைக்காமல்.

உள்ளறைக் கதவு திறந்தது. ரோமத் தொப்பியும் கம்பளிக் கையுறையுமாகத் தாஸ்தான் வந்து நின்றான்.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏலம் போடுறீங்களா?"

"உன் பொண்டாட்டி பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறாப்பா. ஒருத்தனும் தேற மாட்டேங்கிறான்" என்றார் குவாத்.

தாஸ்தான் வீடே அதிரச் சிரித்தான். "எவன் வேணா வரட்டும்ணே. சாம்பியன் பெல்ட்டைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டு ஓய்வு எடுக்குற ஆளு நான் இல்ல. வேணும்கிறவன் ரிங்குக்கு வந்து என் இடுப்புல இருந்து கழட்டிக்கிட்டுப் போகட்டும்."

குவாத்தின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாசலில் குவிந்த பனியை அள்ளப் போனான். கதவு சாத்தும்வரை மரால் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் யாரு இருக்கா?"

குவாத் தயங்கினார். "தாராஸ்ல ஆல்மாஸ்னு ஒரு பையன். ஆனா அந்தப் பேச்சே வேண்டாம்னு கோச் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"தலைப்பக்கமே போகமாட்டான். குனிஞ்சு உள்ள வந்து விலாவுக்குக் கீழ, ஈரல்ல ஒண்ணு விடுவான். அவ்வளவுதான். வாங்கினவனுக்குப் புத்தி தெளிவா இருக்கும், ரெஃப்ரி பத்து எண்ணுறது காதுல கேக்கும், காலு மட்டும் எழுந்திரிக்காது."

"அப்புறம் சரியாயிடுமா?"

"கொஞ்ச நேரத்துல எழுந்து தன் காலாலயே நடந்து போயிடுவான்."

"விழுந்தவங்க மேல பாய்வானா?"

"சேச்சே! நல்லா வளர்ந்த பிள்ளைம்மா. அவனே குனிஞ்சு கை கொடுத்துத் தூக்கி விடுவான்."

மரால் மூச்சை மெல்ல வெளியே விட்டாள். "அவனையே பேசி முடிங்கண்ணே."

குவாத் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். இத்தனை நேரம் இருந்த விளையாட்டு அவர் முகத்தில் இப்போது இல்லை. "மரால், விஷயம் புரியாமப் பேசாத. இருக்கறதுலயே ஆபத்தான ஆளு இவன்தான். சுலபமானவனை வேண்டாம்ங்கிற, புலி வாயில கொண்டுபோய் நிறுத்தச் சொல்ற. பேராசையா, இல்ல புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கையா? தாஸ்தான் ஆல்மாஸை ஜெயிச்சுடுவான்னு நிஜமாவே நினைக்கிறியா?"

ஜன்னலுக்கு வெளியே தாஸ்தான் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி பனியை வாரி வீசிக்கொண்டிருந்தான். மரால் அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லண்ணே. தோத்துடுவாருன்னு நினைக்கிறேன்."

குவாத்தும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் ஸ்கூல் வாசல்ல எங்க பொண்ணையே அடையாளம் தெரியாம நிறுத்தி, 'நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?'ன்னு கேட்டாரு. விட்டுடுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன், சிரிக்கிறாரு. நீங்க மாட்டேன்னா இன்னொருத்தர் கூட்டிட்டுப் போய் ரிங்குல இறக்குவாரு. அந்த பெல்ட் இடுப்புல இருக்கற வரைக்கும் இவரு நிறுத்தப் போறதில்ல" என்றவள் குவாத் பக்கம் திரும்பினாள். "அதான்ணே, தலையைத் தொடாம, இவரைப் பத்திரமாத் தோக்கடிக்கிற ஒருத்தனை இவ்வளவு நேரமா உங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."