முழங்கால் வலி

"இது எங்கப்பாவோடதுதானான்னு பார்த்துச் சொல்லு, மோரக். மனுஷன் பட்டாளத்துல இருந்ததே எனக்குச் சந்தேகம்."

ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடையான அந்தப் பழைய கில்ட்டை எல்ஸ்பெத் மேஜைமேல் போட்டாள். அப்பாவை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"செத்தவரையும் விட மாட்டியா நீ?" என்றாள் மோரக். பட்டாளத்துக் கில்ட்டுகளைச் செப்பனிடுவது அவள் தொழில். எல்ஸ்பெத்தின் பள்ளித்தோழி.

"பின்னே? போர்ல செத்தவங்க நினைவா நடக்கற நவம்பர் அணிவகுப்புல உங்கப்பால்லாம் கில்ட் கட்டிக்கிட்டு மிடுக்கா நடப்பாங்க. எங்கப்பா மட்டும் ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டு ஓரமா நிப்பாரு. கேட்டா, முழங்கால் வலிம்பாரு. 'நீ நெஜமாவே சிப்பாயா, இல்ல சும்மா அளக்கறியா?'ன்னு பத்து வயசுல மூஞ்சிக்கு நேரா கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

மோரக் இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தைத் திருப்பி விளக்கடியில் பிடித்தாள். மங்கலாக ஒரு முத்திரை எண். படைப்பிரிவின் பழைய பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"ஹெக்டர் மன்றோ. உங்கப்பாவேதான்டி. அசல் சிப்பாய்."

எல்ஸ்பெத் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்புறம் ஏன் ஒருநாள்கூடக் கட்டல?"

மோரக் பின்பக்க மடிப்புகளை விரித்தாள். முகம் மாறியது.

"எப்படிக் கட்டுவாரு? பின்னால துணியே இல்ல. ரெண்டு கெஜம் போயிருக்கு. பூச்சி அரிக்கல, கத்தரிக்கோல் வேலை."

"வித்துக் குடிச்சிருப்பாரு."

"வாயைக் கழுவு. இந்தச் சாயத்துல இப்ப யாரும் நெய்யறதில்ல. இதே கட்டம் போட்ட பழந்துணி வீட்டுல இருந்தாக் கொண்டா, ஒட்டுப்போடலாம்."

மறுநாள் எல்ஸ்பெத் ஒரு குட்டிக் கில்ட்டோடு வந்தாள்.

"இதுவும் கிட்டத்தட்ட இதே கட்டம்தான். ஏழு வயசுல டான்ஸ் போட்டிக்காக அப்பா இன்வர்னஸ் டவுன் கடையில வாங்கிட்டு வந்தது. உன்னைக்கூடத் தோற்கடிச்சேனே!"

"உன் கில்ட்டையே பார்த்துக்கிட்டு நான் அடி தப்பவிட்டேன்" என்று சிரித்தபடி மோரக் அதன் ஓரத் தையலைப் பிரித்தாள்.

சிரிப்பு நின்றது.

பிரித்த ஓரத்தைப் பெரிய கில்ட்டின் வெட்டுவாயில் வைத்தாள். மஞ்சள் கோடு மஞ்சள் கோட்டோடு சேர்ந்தது. கத்தரிக்கோல் கோணிப்போன இடம்கூட அப்படியே பொருந்தியது.

"சேர்த்துத் தைச்சுடவா?" மோரக்கின் குரல் இறங்கியிருந்தது.

எல்ஸ்பெத் வேண்டாமென்று தலையாட்டினாள். குட்டிக் கில்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள்:

"எங்கப்பாவுக்கு முழங்கால் வலியே கிடையாது, இல்ல?"