மேசை என்ன செய்கிறது?

“நாலாவது தடவையும் ஃபெயில்” என்று முராகி சிவப்புப் பேனாவை மூடினார். “மேசை மேல புத்தகம் அசையாம இருக்கு. அது மேல எத்தனை விசை?”

“ஒண்ணு சார். பூமி கீழ இழுக்குது.”

“அப்ப மேசை என்ன பண்ணுது?”

“அது பாட்டுக்கு சும்மா நிக்குது சார்.”

அந்தத் தீவின் நடுநிலைப் பள்ளியில் நகிசா ஒருத்திதான் மாணவி. மற்ற பாடங்கள் தலைமையாசிரியையின் பொறுப்பு. அறிவியலுக்கு மட்டும் வியாழன்தோறும் பெரிய தீவிலிருந்து முராகி படகில் வருவார். தனியாள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட, அவருக்கு மிஞ்சியது இந்த ஒரு வகுப்புதான்.

விசைப் பாடத்தில் அவள் தேறிவிட்டால் மிச்சத்தைத் திரை வழியாக நகரத்திலிருந்தே நடத்திக்கொள்கிறோம் என்று கல்வி அலுவலகம் எழுதியிருந்தது. திரையும் வந்துவிட்டது. வகுப்பு மூலையில் துணி போர்த்தி நின்ற அதன் பக்கம் நகிசா திரும்புவதே இல்லை.

அடுத்த வியாழன் கடல் கொந்தளித்தது. வழியெல்லாம் வாந்தியெடுத்து, முகம் வெளிறி இறங்கினார் முராகி. இந்தப் பெண் தன்னை ஒருவழி பண்ணாமல் விடமாட்டாள் என்று முனகினார்.

“இந்தக் காத்துல வேணாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். நீங்கதானே கிளம்பச் சொன்னீங்க வாத்தியாரே” என்றான் படகோட்டி தொகுஜி.

கரையில் காத்திருந்த நகிசா, குமட்டலுக்கு உப்பில் ஊறிய பிளம் ஒன்றை அவரிடம் நீட்டினாள். படகை நிறுத்த முடியாமல் கயிற்றோடு தடுமாறிய தொகுஜியிடம் திரும்பினாள்.

“மாமா, காத்து அந்தப் பக்கம் தள்ளுது. அதே அளவுக்கு இந்தப் பக்கம் இழுத்துக் கட்டுங்க, நின்னுடும்.”

நின்றது. முராகி அவளையே ஒரு நிமிடம் பார்த்தார்.

வகுப்பில் வினாத்தாளை வைத்து, தெரிந்ததை எழுது என்றார். அவருடைய சட்டைக் கை கடல்நீரில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்திருந்தவள் மெல்லக் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

பூமி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது. மேசை அதே அளவு மேலே தள்ளுகிறது. படத்தில் இரண்டு அம்புகள், ஒரே நீளம். பத்துக் கேள்விகளில் ஒரு பிழை இல்லை.

“இனிமே இந்த அலையில நீங்க வர வேணாம் சார்” என்றாள், முதல்முறையாக மூலைத் திரையைப் பார்த்தபடி.

முராகி தாளை இரண்டு முறை படித்தார். சரி என்று வட்டம் போட வேண்டிய பத்து இடங்களிலும் சாய்கோடு இழுத்தார்.

“எல்லாமே தப்பு. அடுத்த வாரம் மறுபடி வரேன்.”