டெல்பர்ட் தேர்ந்தெடுத்த தூரமானி

"இதுல எத்தனை கெஜம் வரைக்கும் தெரியும்?"

"தொள்ளாயிரம் சார்" என்றார் கடைக்காரர் எமிலியோ.

"தொள்ளாயிரமா? இதை அணில் பிடிக்கிறவனுக்குக் குடு. நான் எல்க் மான் வேட்டைக்குப் போறேன்யா!"

டெல்பர்ட் அந்த லேசர் தூரமானியைக் கண்ணாடி மேஜைமேல் தள்ளிவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி ரோவீனா கைப்பையை அணைத்தபடி நின்றாள்.

அரிசோனாவின் நல்ல மலைக்காடுகளில் ஆண் எல்க் அடிக்க நினைத்தவுடன் போய்விட முடியாது. வருஷா வருஷம் விண்ணப்பம் போட வேண்டும், குலுக்கலில் பேர் விழ வேண்டும். விழுந்தவர் பேருக்கு ஒரு சீட்டு, ஒரு மான். அந்தச் சீட்டில் வேறு யாரும் அம்பு தொடுக்கக் கூடாது. டெல்பர்ட் பத்தொன்பது வருஷம் போட்டு, பத்தொன்பது வருஷமும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர்.

"லிஸ்ட் வந்துடுச்சா சார்?"

"லிஸ்ட் யாருக்கு வேணும்? போன வாரமே என் கார்டுல பணம் பிடிச்சுட்டாங்க. சீட்டு விழாம கவர்மென்ட் காசு எடுக்குமா?"

இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். மார்ச் மாதம் வந்தால் சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட மடியில் ஃபோனை வைத்து கார்டில் பணம் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். போயிருந்தால் அன்றைக்கு அல்லேலூயா கொஞ்சம் சத்தமாகக் கேட்கும்.

டெல்பர்ட் அதோடு நிற்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மான் தலையை மாட்டுவதற்காக ஹால் சுவரிலிருந்து கல்யாணப் போட்டோவையும் கழற்றியாயிற்று.

"டெல்பர்ட், நான் ஒண்ணு சொல்லணும்..."

"இரு ரோவீனா. இங்கே முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்."

எமிலியோ வேறு இரண்டை எடுத்து வைத்தார். "உங்க சீட்டு வில்லுக்கா, துப்பாக்கிக்கா?"

"வில்லுக்கு. ஆனா மத்த வேட்டைக்குத் துப்பாக்கியோட போகும்போதும் இதுவே உதவணும்."

"வில்லுன்னா நூறு கெஜத்துக்குள்ள துல்லியமா காட்டினா போதும் சார். மேட்டுல நின்னு கீழே எய்யும்போது, சரிவைக் கணக்குல எடுத்துத் தூரம் சொல்லணும். அதுதான் முக்கியம். இந்தச் சின்னது அதை நல்லா செய்யும்."

"எனக்கு ரெண்டாயிரம் கெஜம் தெரியணும்."

"ரெண்டாயிரம் கெஜத்துல மானைப் பார்த்து என்ன சார் பண்ணுவீங்க?"

"குட்மார்னிங் சொல்லுவேன். நீ எடுய்யா!"

ரோவீனா சின்னதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "மானுக்கு முன்னால கிளை இருந்தா, இது எதோட தூரத்தைக் காட்டும்?"

எமிலியோ அவளை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அந்தக் கடையில் யாரும் இப்படி உருப்படியாக ஒன்று கேட்கவில்லை. "கிளையைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி மாத்தி வைக்கலாம் மேடம்."

"விடியற நேரத்துல எண் தெரியுமா?"

"இதுல சிவப்பு எழுத்து. நல்லாத் தெரியும்."

டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்து இதுல பாட்டு வருமான்னு கேப்பா பாரு! டி.வி. ரிமோட்டே இவளுக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியாது."

ரோவீனா அந்தச் சின்னதோடு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் நின்று சோதித்துப் பார்த்தார்கள். எதிரே பெட்ரோல் பங்க் முன்னால் ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது.

"லேசரே வேண்டாம், நானே சொல்றேன். எண்பது கெஜம்!" என்றார் டெல்பர்ட்.

"ஐம்பத்தஞ்சு" என்று முணுமுணுத்தாள் ரோவீனா.

லேசர் ஐம்பத்து நான்கு என்று காட்டியது. டெல்பர்ட் அதை இரண்டு முறை உதறினார். "பேட்டரி வீக்கா இருக்கு."

"டெல்பர்ட், காலையில நான்..."

"எதுவானாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்லு. இருபது வருஷத்துல ஒரு தடவைதான் இப்படி வாய்க்கும். ஒரே அம்பு. அது தப்பினா நான் சாகிறவரைக்கும் தூங்க முடியாது. உனக்கு எங்கே புரியப்போகுது?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. அதற்காக மட்டும் எமிலியோவுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

கடைசியில் கடையிலேயே விலை கூடியதை எடுத்தார் டெல்பர்ட். செங்கல் அளவு, செங்கல் கனம், இரண்டாயிரம் கெஜம்.

எமிலியோ சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர்ப் பலகைப் பக்கம் போனார். சீட்டு விழுந்தவர்களின் பேரை அதில் எழுதுவது அந்தக் கடையின் வழக்கம். "சீட்டுல உள்ள பேர் சொல்லுங்க."

"பெரிசா எழுது. எல்லாப் பயலும் பார்க்கணும்!"

ரோவீனா இந்த முறை உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஃபோனைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"வாய்ப்பு கூடட்டும்னு என் பேர்லயும் ஒரு விண்ணப்பம் போட்டு, ரெண்டுக்கும் ஒரே கார்டைக் குடுத்தது நீதான் டெல்பர்ட். காலையில லிஸ்ட் வந்துச்சு. உனக்கு இந்த வருஷமும் இல்லையாம்."

பிறகு எமிலியோவிடம் திரும்பினாள். "ரோவீனான்னு எழுதுங்க. எனக்கு அந்தச் சின்னது போதும். ஆனா இவர் எடுத்ததையும் சேர்த்தே பில் போடுங்க, நான் எய்யறதைத் தூரத்துல நின்னு பார்க்க இவருக்கு வேணுமில்ல?"